இரண்டையும் விடாத லிங்கன்

ஆபிரகாம் லிங்கனைத் தெரியாத மாணவர் உங்களில் யாரும் இருக்கமாட்டீர்கள். மரக்குடிலில் பிறந்தார், கணப்பு வெளிச்சத்தில் படித்தார், அமெரிக்காவின் 16ஆவது அதிபரானார், அடிமைகளை விடுவித்தார், சுட்டுக் கொல்லப்பட்டார். இவ்வளவும் தொடக்கப்பள்ளியிலேயே படித்துவிட்டோம். அவருடைய பொன்மொழிகள் பள்ளிச் சுவர்களில் தொங்குகின்றன. தம் மகனின் ஆசிரியருக்கு அவர் எழுதியதாக ஒரு கடிதத்தை ஆசிரியர் தின மேடைகளில் உருக்கமாக வாசிக்கிறார்கள். அதை அவர்தாம் எழுதினார் என்பதற்குச் சான்று எதுவும் கிடையாது. பொன்மொழிகளில் பலவற்றின் கதையும் அதுதான். ஆகவே, இந்தக் கட்டுரையில் அவர் சொன்னதாக ஒரு வரியைக்கூட நான் எடுத்துக்காட்டப் போவதில்லை. என்ன செய்தார், எப்போது செய்தார், எதைச் செய்யாமல் காத்திருந்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் படிவம் ஆறு மாணவர்களுக்கு வரலாறு கற்பிப்பவன். கொள்கை பெரிதா, நடைமுறை பெரிதா என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எப்படியாவது வகுப்பில் எழுந்துவிடும். பட்டிமன்றம் என்றால் ஏதாவது ஓர் அணியில் உட்கார்ந்துவிடலாம். நாட்டை ஆள்பவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்கு முன்னால் நிற்கும் இரண்டுமே நல்லவையாக இருக்கும். ஒன்றைப் பிடித்தால் மற்றது கைநழுவும். அப்படிப்பட்ட வேளையில் வியூகம் வகுப்பது எப்படி என்று கேட்கும் மாணவர்களிடம், 1861 முதல் 1865 வரையிலான லிங்கனைப் படியுங்கள் என்று நான் சொல்வது வழக்கம்.

அதற்கு முந்திய வாழ்க்கையை வேகமாகக் கடந்துவிடுவோம். 1809 பிப்ரவரி 12ஆம் நாள் கெண்டக்கி மாநிலத்தில் பிறந்தார். கெண்டக்கி, அடிமைமுறை சட்டப்படி நடைமுறையில் இருந்த மாநிலம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஒன்பது வயதில் தாயை இழந்தார். பள்ளியில் அமர்ந்து படித்த நாள்களை எல்லாம் கூட்டினாலும் ஓராண்டு தேறாது. கடை வைத்துக் கடனாளியானார், நில அளவை செய்தார், தாமே சட்டநூல்களைப் படித்து வழக்கறிஞரானார். இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்துக்கு 1834இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1847 முதல் 1849 வரை ஒரே ஒரு தவணை வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்தார்.

பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு வழக்கு அந்த 1847இல் நடந்தது. கெண்டக்கியைச் சேர்ந்த மேட்சன் என்ற பண்ணை உரிமையாளர், அடிமைமுறை தடை செய்யப்பட்ட இல்லினாயில் தமக்கிருந்த நிலத்தில் வேலை செய்ய, ஓர் அடிமைக் குடும்பத்தைக் கொண்டுவந்திருந்தார். அந்தக் குடும்பத்தின் தாய் தன் பிள்ளைகளுடன் தப்பி, விடுதலை கேட்டு நீதிமன்றத்துக்குப் போனாள். அந்த வழக்கில் லிங்கன் உரிமையாளருக்காக வாதாடினார். ஆம், உரிமையாளருக்காக. வழக்கு தோற்றது, தாயும் பிள்ளைகளும் விடுதலை பெற்றனர். இதைச் சொன்னால் மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கத்தான் வேண்டும். ஆனால், அவருடைய மனத்தின் ஒரு பாதி இந்த வழக்கில் தெரிகிறது என்பது என் கருத்து. சட்டம் என்று ஒன்று இருந்தால் அது தமக்குப் பிடிக்காதவருக்கும் பொருந்த வேண்டும் என்று அவர் நம்பினார். அடிமைமுறை தீமை என்றும் நம்பினார். இந்த இரண்டு நம்பிக்கைகளும் ஒரே மனிதருக்குள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு இருந்தன.

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தின்படி, ஒரு மாநிலத்துக்குள் இருக்கும் அடிமைமுறையில் கூட்டரசு கை வைக்க முடியாது. அன்றைய சட்ட அறிஞர்கள் பெரும்பாலோர் கருத்து அதுவே, லிங்கனின் கருத்தும் அதுவே. ஆனால், புதிய நிலப்பகுதிகளுக்கு அது பரவாமல் தடுக்கலாம். 1854இல் வந்த கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் அந்தத் தடையை உடைத்தபோதுதான், தொழிலில் மூழ்கியிருந்த லிங்கன் மீண்டும் அரசியலுக்கு வந்தார். பரவாமல் நிறுத்தினால் காலப்போக்கில் அது தானே சாகும் என்பது அவர் கணக்கு. 1860 நவம்பரில் 40 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவான வாக்குகளுடன் அதிபர் தேர்தலில் வென்றார். அவர் பதவியேற்பதற்கு முன்பே ஏழு தென் மாநிலங்கள் ஒன்றியத்தைவிட்டு விலகிவிட்டன.

அமைச்சரவையை அவர் அமைத்த விதமே ஒரு பாடம். கட்சி வேட்பாளர் தேர்வில் தம்மை எதிர்த்து நின்ற சிவர்ட், சேஸ், பேட்ஸ் ஆகியோரை முக்கியப் பொறுப்புகளில் அமர்த்தினார். ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய வழக்கில் தம்மைப் பட்டிக்காட்டு வழக்கறிஞர் என ஒதுக்கித் தள்ளிய ஸ்டாண்டனை 1862இல் போர்த்துறை அமைச்சராக்கினார். பெருந்தன்மை என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. வெவ்வேறு பிரிவுகளின் தலைவர்கள் வெளியே நின்று கல்லெறிவதைவிட உள்ளே இருந்து சண்டை போடட்டும் என்ற கணக்கும் இதில் உண்டு.

முதல் நெருக்கடி பதவியேற்ற மறுநாளே வந்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் சம்டர் கோட்டை இன்னும் கூட்டரசின் கையில் இருந்தது. உள்ளே உணவு தீர்ந்துகொண்டிருந்தது. கோட்டையைக் கைவிட்டால் பிரிவினையை ஒப்புக்கொண்டதாகும். படையனுப்பினால் போரைத் தொடங்கிய பழி அவர்மேல் விழும். உறுதியும் வேண்டும், அமைதியும் வேண்டும். லிங்கன், தென் கரோலினா ஆளுநருக்கு முன்கூட்டியே தகவல் அனுப்பினார்: உணவுப்பொருள் மட்டும் வருகிறது, எதிர்ப்பு இல்லாவிட்டால் படையோ ஆயுதமோ இறங்காது. பசித்தவர்களுக்கு உணவு போவதைச் சுட்டுத் தடுப்பதா, விடுவதா என்ற முடிவு இப்போது தெற்கின் தலையில் ஏறியது. 1861 ஏப்ரல் 12ஆம் நாள் விடியுமுன் அவர்கள் சுட்டார்கள். கோட்டை வீழ்ந்தது. ஆனால், அதுவரை பலவாறு பிரிந்து பேசிக்கொண்டிருந்த வடக்கு ஒன்றுதிரண்டது. அதேநேரம் மேலும் நான்கு மாநிலங்கள் விலகின. விலகியவை மொத்தம் பதினொன்று.

இப்போது வரைபடத்தை எடுங்கள். அடிமைமுறை இருந்தும் விலகாமல் நின்ற மாநிலங்கள் நான்கு: டெலவேர், மேரிலாந்து, கெண்டக்கி, மிசோரி. இவற்றை எல்லை மாநிலங்கள் என்பார்கள். தலைநகர் வாஷிங்டனின் ஒரு பக்கம் விலகிய வர்ஜீனியா, மற்றப் பக்கங்களில் மேரிலாந்து. மேரிலாந்தும் போனால் தலைநகரே எதிரியின் நடுவில் தீவாகிவிடும். கெண்டக்கி போனால் ஒஹையோ ஆற்றின் நீண்ட கரை எதிரியின் கைக்குப் போகும். இந்த நான்கு மாநிலங்களிலும் சேர்த்து 430,000 அடிமைகள் இருந்தார்கள். அடிமைமுறையை ஒழிக்கப் புறப்பட்டால் நான்கும் போகலாம். நான்கும் போனால் போரில் தோல்வி. போரில் தோற்றால் நாடு முழுவதிலும் இருந்த ஏறத்தாழ 4 மில்லியன் அடிமைகளில் ஒருவருக்கும் விடுதலை இல்லை. கணக்கு இவ்வளவுதான். ஆனால், இந்தக் கணக்கோடு ஒவ்வொரு நாளும் வாழ்ந்து பார்க்க வேண்டும்.

நம் பாட்டன் பூட்டன்மார் சஞ்சிக்கூலிகளாக வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதுவும் கொடுமைதான். ஆயினும், ஒப்பந்தத்துக்கு ஒரு கால வரம்பு எழுத்திலாவது இருந்தது. அமெரிக்க அடிமைக்கு அதுவும் இல்லை. அவள் பெற்ற பிள்ளை பிறக்கும்போதே இன்னொருவரின் சொத்து. தாய் ஒரு பக்கம் பிள்ளை ஒரு பக்கம் என ஏலத்தில் பிரித்து விற்கலாம். லிங்கன் காத்திருந்த ஒவ்வொரு மாதத்திலும் இந்த விற்பனை நடந்துகொண்டுதான் இருந்தது என்பதை மறந்துவிட்டு அவருடைய பொறுமையைப் புகழக்கூடாது.

1861 ஆகஸ்டு 30ஆம் நாள், மிசோரியில் இருந்த தளபதி ஃப்ரீமண்ட், வாஷிங்டனைக் கேட்காமலேயே, கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றதாக அறிவித்தார். அடிமை ஒழிப்பு இயக்கத்தினர் கொண்டாடினார்கள். லிங்கன் முதலில் கமுக்கமாக எழுதி, ஆணையைத் திருத்திக்கொள்ளச் சொன்னார். வெளிப்படையாகக் கட்டளையிட்டால்தான் மாற்றுவேன் என்றார் ஃப்ரீமண்ட். அவர் மனைவி மிசோரியிலிருந்து ரயிலில் வந்து இரவு வேளையில் வெள்ளை மாளிகையில் அதிபரிடம் நேரில் வாதாடினார். பயனில்லை. செப்டம்பர் 11ஆம் நாள் லிங்கன் வெளிப்படையாகவே கட்டளையிட்டார். ஃப்ரீமண்டின் அறிவிப்பைக் கேட்டதும் கெண்டக்கியில் ஒரு தொண்டர் படைப்பிரிவு ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டுக் கலைந்ததாக அவருக்குச் செய்தி வந்திருந்தது. வடக்கில் அவரைக் கோழை என்றார்கள். கெண்டக்கி ஒன்றியத்தில் நின்றது.

அதே ஆண்டு மே மாதத்தில் நடந்த இன்னொரு செயலை இதனருகில் வைத்துப் பாருங்கள். வர்ஜீனியாவில் மன்ரோ கோட்டைக்கு மூன்று அடிமைகள் இரவில் படகேறித் தப்பி வந்தார்கள். அவர்களைத் திருப்பிக் கேட்டு உரிமையாளரின் ஆள் வந்தார். கோட்டையில் இருந்த தளபதி பட்லர் தொழிலால் வழக்கறிஞர். வர்ஜீனியா தன்னைத் தனிநாடு என்று சொல்லிக்கொள்கிறது அல்லவா, அப்படியானால் அமெரிக்காவின் தப்பியோடிய அடிமைகள் சட்டம் அதற்குப் பொருந்தாது. எதிரியின் போர்ப் பொருளாக இவர்களை நான் பறிமுதல் செய்கிறேன் என்றார். மனிதரைப் பொருள் என்று சொல்லியே மனிதரைக் காப்பாற்றிய விசித்திரமான வாதம். லிங்கன் இதைத் தடுக்கவில்லை. சில வாரங்களில் நூற்றுக்கணக்கானோர் அந்தக் கோட்டைக்கு வந்துவிட்டார்கள். ஃப்ரீமண்டுக்கு இல்லை என்றவர் பட்லருக்கு ஏன் சரி என்றார்? பட்லர் செய்தது கொள்கை அறிவிப்பு அன்று. போர்க்களத்தில் ஒரு தளபதிக்குச் சட்டம் தரும் அதிகாரத்துக்குள் நின்ற செயல். தம் முன்னால் இருந்த சுவரில் கதவு எங்கே இருக்கிறது என்பதை லிங்கன் இங்கேதான் பார்த்தார் என நினைக்கிறேன். அந்தக் கதவைத் திறக்க இன்னும் ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

முதலில் வேறொரு கதவைத் தட்டினார். 1862 மார்ச்சில், எல்லை மாநிலங்கள் தாமே படிப்படியாக அடிமைமுறையை ஒழித்தால், கூட்டரசு உரிமையாளர்களுக்கு இழப்பீடு தரும் என்றார். அவர் போட்ட கணக்கு இன்னும் இருக்கிறது. ஓர் அடிமைக்கு 400 டாலர். போருக்கு ஆகும் செலவு நாளொன்றுக்கு 2 மில்லியன் டாலர். டெலவேரில் இருந்த 1,798 பேரின் விடுதலைக்கும் ஆகும் தொகை அரை நாள் போர்ச்செலவுகூட இல்லை. நான்கு மாநிலங்கள், தலைநகர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆகும் தொகை 87 நாள் போர்ச்செலவு. போர் 87 நாள் முன்னதாக முடிந்தால் போட்ட பணம் வந்துவிடும். பொருளியல் படிக்கும் மாணவர்கள் இதை ரசிப்பார்கள். எனக்கோ ஒரு நெருடல் உண்டு: பணம் உரிமையாளருக்குத்தான், ஆண்டாண்டாக உழைத்தவருக்குக் காலணா இல்லை. ஏப்ரலில் தலைநகரில் மட்டும் இந்த முறைப்படி விடுதலை வந்தது. எல்லை மாநிலங்களின் பிரதிநிதிகளை ஜூலை 12ஆம் நாள் வெள்ளை மாளிகைக்கு அழைத்து மன்றாடினார். பெரும்பாலோர் மறுத்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து, ஜூலை 22ஆம் நாள், அமைச்சரவைக் கூட்டத்தில் ஒரு வரைவை வாசித்தார். கிளர்ச்சி நடக்கும் பகுதிகளில் உள்ள அடிமைகள் அனைவரும் விடுதலை. வெளியுறவு அமைச்சர் சிவர்ட் ஒன்றை எடுத்துச் சொன்னார்: இப்போது நாம் களத்தில் தோற்றுக்கொண்டிருக்கிறோம், இந்நிலையில் வெளியிட்டால் மூழ்குகிறவனின் கூக்குரலாகத் தெரியும், ஒரு வெற்றி வரட்டும். லிங்கன் வரைவை மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

அடுத்த இரண்டு மாதங்கள்தாம் அவரைப் பற்றிய வாதங்களின் மையம். ஆகஸ்டில் ஒரு நாளிதழ் ஆசிரியருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், தம் முதல் நோக்கம் ஒன்றியத்தைக் காப்பதே. அடிமைகளை விடுவித்தோ விடுவிக்காமலோ எப்படி முடியுமோ அப்படிச் செய்வேன் என்ற பொருள்பட எழுதினார். விடுதலை வரைவு அப்போது மேசைக்குள் தயாராக இருந்தது! ஊரை ஏமாற்றினாரா? என் பார்வையில், தயங்கும் வடக்குக்கு அவர் முன்கூட்டியே மருந்து கொடுத்தார். நாளை விடுதலையை அறிவிக்கும்போது, இது ஒன்றியத்தைக் காப்பதற்கான வழி என்று அவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா? ஆனால், அதே ஆகஸ்டில் கறுப்பினத் தலைவர்கள் சிலரை அழைத்து, நீங்கள் வேறு நாட்டுக்குக் குடியேறிப் போவதே இரு தரப்புக்கும் நல்லது என்று அறிவுரை சொன்னதற்கு இப்படி நான் சமாதானம் சொல்ல மாட்டேன். பிறந்த மண்ணில் இருப்பவரைப் பார்த்து வேறு நாட்டுக்குப் போ என்பது எப்படி வலிக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்து பெரும் பேச்சாளராக உயர்ந்த ஃபிரடெரிக் டக்ளஸ் அதைக் கடுமையாகக் கண்டித்தார். கண்டித்தது சரி.

செப்டம்பர் 17ஆம் நாள் மேரிலாந்தில் ஆன்டீட்டம் ஓடைக்கரையில் போர். ஒரே நாளில் இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 23,000 பேர் இறந்தனர், காயமுற்றனர் அல்லது காணாமற்போயினர். முழு வெற்றி என்று சொல்ல முடியாவிட்டாலும் தெற்கின் படை பின்வாங்கியது. ஐந்தே நாளில், 22ஆம் நாள், லிங்கன் அறிவித்தார்: ஜனவரி முதல் நாளுக்குள் திரும்பாத மாநிலங்களில் அடிமைகள் விடுதலை பெறுவர். நூறு நாள் தவணை. யாரும் திரும்பவில்லை.

1863 ஜனவரி 1. புத்தாண்டு வரவேற்பில் மணிக்கணக்காகப் பொதுமக்களுடன் கைகுலுக்கிவிட்டு வந்து கையெழுத்திட உட்கார்ந்தார். கை நடுங்கியது. நடுங்கிய எழுத்தைப் பார்த்து, தயங்கிக்கொண்டே கையெழுத்திட்டான் என்று பின்னால் வருபவர்கள் நினைப்பார்களே என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்தார். பிறகு நிதானமாக முழுப்பெயரையும் எழுதினார்.

விடுதலைப் பிரகடனத்தை வாசித்துப் பார்க்கும் மாணவர்கள் ஏமாந்து போவது உண்டு. சட்ட அறிவிப்புப்போல் வறண்டு கிடக்கும். எல்லை மாநிலங்கள் நான்கும் அதில் இல்லை, வடக்குப் படை ஏற்கெனவே பிடித்திருந்த லூசியானா, வர்ஜீனியா மாவட்டங்கள் சிலவும் இல்லை, டென்னசியும் இல்லை. தம் கட்டுப்பாட்டில் இருந்த இடத்தில் விடாமல், இல்லாத இடத்தில் விடுதலை அறிவித்தார் என்று அன்றே கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள் அடிப்படையைக் கவனிக்கவில்லை. அதிபராக அவருக்கு அடிமைமுறையை ஒழிக்கும் அதிகாரம் கிடையாது. தலைமைத் தளபதியாக, போரிடும் எதிரியின் வலிமையைப் பறிக்கும் அதிகாரம் உண்டு. தெற்கின் வயலில் உழுததும் அகழி வெட்டியதும் அடிமைகளின் கைகள். அந்தக் கைகளைப் பறிப்பது போர்நடவடிக்கை. கிளர்ச்சி இல்லாத இடத்தில் அந்த வாதம் நிற்காது. நீதிமன்றம் முழுப் பிரகடனத்தையும் தள்ளிவிடக்கூடும். அதனால்தான் விலக்குகள். சட்டத்துக்கும் அறத்துக்கும் இடையே பாதி வழியில் நிற்கும் சமரசமாக இது எனக்குத் தெரியவில்லை. அதுவரை குறுக்கே நின்ற சட்டத்தையே நெம்புகோலாக்கி அறத்தை நகர்த்தினார்.

பலன் இரு பக்கமும் வந்தது. பிரகடனம் கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்க வழி திறந்தது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 180,000 பேர் சேர்ந்தனர். கடல் கடந்து பிரிட்டனிலும் நிலைமை மாறியது. தெற்கின் பருத்தி வராமல் லங்காஷயர் ஆலைகள் மூடிக்கிடந்தன. (அந்த ஆண்டுகளில் இந்தியப் பருத்திக்கு ஏற்பட்ட கிராக்கியால் பம்பாய் வணிகர்கள் செல்வத்தில் மிதந்தது தனிக்கதை.) தெற்கை அங்கீகரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பிரிட்டன், தன் பேரரசில் அடிமைமுறையை ஒழித்துவிட்டதில் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நாடு. இப்போது தெற்குக்குக் கைகொடுத்தால் அடிமைமுறைக்குக் கைகொடுத்ததாகிவிடும். ஆகவே, பிரிட்டன் ஒதுங்கியே இருந்தது.

எல்லாவற்றையும் அவர் இப்படி இணைத்துவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். போர் தொடங்கிய மாதமே, விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டவரை நீதிபதி முன் நிறுத்தும் ஆட்கொணர்வு உரிமையைச் சில பகுதிகளில் நிறுத்திவைத்தார். அது நாடாளுமன்றத்தின் அதிகாரம், அதிபருடையதன்று எனத் தலைமை நீதிபதி டானி கூறியதை அவர் பொருட்படுத்தவில்லை. 1863இல்தான் நாடாளுமன்றம் அதற்குச் சட்டபூர்வ ஒப்புதல் தந்தது. பாதுகாப்புக்கும் சுதந்திரத்துக்கும் இடையில் இங்கே ஒன்று மற்றதை வென்றது; இணைப்பு எதுவும் நடக்கவில்லை.

மின்னசோட்டாவில் டக்கோட்டா பழங்குடியினர் 1862இல் கிளர்ந்தெழுந்தபோது, படைநீதிமன்றம் அவசர அவசரமாக விசாரித்து 303 பேருக்கு மரண தண்டனை விதித்தது. லிங்கன் வழக்குக் கோப்புகள் அனைத்தையும் வாஷிங்டனுக்கு வரவழைத்தார். போரில் சண்டையிட்டவர் யார், குடிமக்கள் படுகொலையில் ஈடுபட்டவர் யார் எனப் பிரிக்கச் சொன்னார். டிசம்பர் 26ஆம் நாள் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். விடுதலைப் பிரகடனத்துக்கு ஆறு நாள் முன்பு. அத்தனை பேரையும் தூக்கிலிடவில்லையே என்று அம்மாநில வெள்ளையர்கள் அவர்மேல் சினந்தார்கள். 260க்கும் மேற்பட்டோரின் உயிரைக் காத்தார் என்பதும் உண்மை. அமெரிக்க வரலாற்றின் மிகப் பெரிய கூட்டுத் தூக்குத்தண்டனை அவருடைய கையெழுத்தில் நடந்தது என்பதும் உண்மை. வகுப்பில் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எழுதும் மாணவருக்கு நான் முழு மதிப்பெண் தருவதில்லை.

இனி 1864 ஆகஸ்டு. என் எண்ணத்தில், அவர் வாழ்க்கையின் கடினமான மாதம் இதுதான். கிராண்டின் படை வர்ஜீனியாவில் பல்லாயிரக்கணக்கானோரை இழந்தும் நகரவில்லை. நவம்பரில் தேர்தல். கட்சித் தலைவரே அதிபருக்கு எழுதினார்: தோற்கப் போகிறோம், விடுதலையை நிபந்தனையிலிருந்து நீக்கி, ஒன்றியம் திரும்பினால் போதும் என்று தெற்குக்குத் தூது அனுப்புங்கள். லிங்கன் சலனப்பட்டார். அந்தத் திசையில் கடித வரைவுகள் எழுதினார். ஒன்றை ஃபிரடெரிக் டக்ளஸிடமே காட்டினார். டக்ளஸ், அனுப்பாதீர்கள் என்றார். எந்த வரைவும் அனுப்பப்படவில்லை. படையில் இருக்கும் கறுப்பின வீரர்களை மீண்டும் அடிமைகளாக்கத் துணிந்தால் அது துரோகம்; அந்த வீரர்கள் இல்லாவிட்டால் போரும் இல்லை. 1861இல் எதிரெதிராக நின்ற ஒன்றியமும் விடுதலையும் இப்போது ஒன்றில்லாமல் மற்றது இல்லை என்னும் அளவுக்குப் பின்னிக்கொண்டுவிட்டன. பின்னியவர் அவர்தாம்.

தோற்றுவிடுவோம் என்று அவர் நம்பியது நடிப்பன்று. ஆகஸ்டு 23ஆம் நாள் ஒரு தாளில், தேர்தலில் தோற்றால் புதிய அதிபர் பதவியேற்பதற்குள் அவருடன் ஒத்துழைத்து ஒன்றியத்தைக் காப்போம் என்ற உறுதியை எழுதி, மடித்து ஒட்டி, உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டாமலேயே அமைச்சர்கள் அனைவரிடமும் முதுகுப்பக்கத்தில் கையெழுத்து வாங்கினார். டக்ளஸிடமோ, தோற்பதற்குள் எவ்வளவு அடிமைகளை வடக்கே கொண்டுவர முடியுமோ அவ்வளவு பேரைக் கொண்டுவர ஒரு திட்டம் போடச் சொன்னார். ஒரே வாரத்தில், இரண்டு விழுமியங்களுக்கும் தனித்தனியே மாற்றுத் திட்டம்!

செப்டம்பர் 2ஆம் நாள் ஷெர்மனின் படை அட்லாண்டாவைப் பிடித்தது. காற்று திசைமாறியது. தேர்தலில் லிங்கன் 212க்கு 21 என்ற தேர்வாளர் வாக்குகளில் வென்றார்.

பிரகடனம் போர்க்கால நடவடிக்கை. போர் முடிந்தபின் நீதிமன்றத்தில் நிற்குமா என்ற அச்சம் இருந்தது. அரசியலமைப்பையே திருத்தி அடிமைமுறையை ஒழிக்கும் 13ஆவது திருத்தம் செனட்டில் நிறைவேறிவிட்டது. பிரதிநிதிகள் சபையில் தோற்றிருந்தது. மார்ச் வரை காத்திருந்தால் புதிய சபையில் அவர் கட்சிக்குப் போதிய பலம் இருந்திருக்கும். அவர் காத்திருக்கவில்லை. எதிர்க்கட்சி வாக்குகளும் சேர்ந்து வந்தால்தான் அது நாட்டின் முடிவாகும் என்று கருதினார். பதவி ஆசை காட்டியும் வாக்குகள் சேர்க்கப்பட்டன. வாக்கெடுப்பு நாளன்று, தெற்கின் அமைதித் தூதர்கள் வருகிறார்கள் என்ற வதந்தியால் சபை கலங்கியது. அப்படியானால் திருத்தத்தை ஒத்திவைப்போம் என்றார்கள் சிலர். நகரத்தில் தூதர் யாரும் இல்லை, வரப்போவதாகவும் தமக்குத் தெரியாது என்று லிங்கன் குறிப்பு அனுப்பினார். சொல்லுக்குச் சொல் உண்மை. தூதர்கள் நகரத்துக்கு வரவில்லை. மன்ரோ கோட்டையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். 1861இல் அந்த மூன்று பேர் தப்பி வந்த அதே கோட்டை. 1865 ஜனவரி 31ஆம் நாள் திருத்தம் 119க்கு 56 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அந்தக் குறிப்பைப் பொய் என்பதா, சாமர்த்தியம் என்பதா? என் மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிடுவார்கள். நான் அந்தக் குறிப்பின் பக்கம்தான் சாய்வேன், சற்றுக் கூச்சத்தோடு.

ஏப்ரல் 9ஆம் நாள் தெற்கின் தளபதி லீ சரணடைந்தார். தோற்ற வீரர்கள் தண்டனையின்றி வீடு திரும்பலாம், உழவுக்குத் தங்கள் குதிரைகளைக் கொண்டுபோகலாம் என்று கிராண்ட் அனுமதித்தார். லிங்கன் விரும்பிய போக்கும் அதுவே. 11ஆம் நாள் இரவு வெள்ளை மாளிகையின் சன்னலில் நின்று பேசிய லிங்கன், படித்த கறுப்பினத்தவருக்கும் படையில் பணியாற்றியவர்களுக்கும் வாக்குரிமை தரலாம் என்ற எண்ணத்தை முதன்முறையாகப் பொதுவில் வெளியிட்டார். அதைக் கேட்ட கூட்டத்தில் பூத் என்ற நடிகனும் நின்றான். 14ஆம் நாள் இரவு நாடக அரங்கில் அவன் சுட்டான். மறுநாள் காலை லிங்கன் இறந்தார். வயது 56.

மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு ஒப்புதல் தர, 1865 டிசம்பரில் 13ஆவது திருத்தம் சட்டமானது. விலக்கப்பட்டிருந்த எல்லை மாநிலங்களில் டெலவேரிலும் கெண்டக்கியிலும் எஞ்சியிருந்த அடிமைமுறை அன்றோடு முடிந்தது. அவர் பிறந்த மண்ணும், கைநழுவாமலிருக்க அவர் அத்தனை பாடுபட்ட மாநிலமுமான கெண்டக்கி அந்த ஆண்டு திருத்தத்தை நிராகரித்தது. 1976இல்தான் அதற்கு ஒப்புதல் தந்தது.